வெண்புள்ளி நோய்: பவளங்கள் இருக்கும் தொட்டியிலேயே மருந்து இடலாமா?

திருவான்மியூர் அலை | தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 300 லிட்டர் பவளத் தொட்டி. 14 மாதங்களாகச் சிக்கலின்றி இருக்கிறது. அதில் இரண்டு கிளௌன் மீன்கள், ஒரு ராயல் கிராமா மீன், ஒரு மாண்டரின் மீன், இரண்டு கிளீனர் இறால்கள், சில மென்பவளங்கள் உள்ளன. பன்னிரண்டு நாள்களுக்கு முன் ஒரு பவுடர் ப்ளூ டாங் வாங்கினேன். இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்த மீன் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னதால், நேராகத் தொட்டியில் விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் டாங் பாறையில் உடலைத் தேய்க்கத் தொடங்கியது. மறுநாள் காலை அதன் மார்புத் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன. இரண்டு நாளில் அவை தாமாகவே மறைந்ததால் நோய் போய்விட்டது என்று நிம்மதியடைந்தேன். இன்று விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது டாங்கின் உடல் முழுவதும் புள்ளிகள். கிளௌன் மீன்களின் வாலிலும் இருக்கின்றன. கிராமா குகையை விட்டு வெளியே வரவில்லை. அதன் செவுள் மூடி நிமிடத்துக்கு 140 முறை அடிக்கிறது. பவளத்துக்குத் தீங்கில்லை என்று அச்சிட்ட மருந்துப் புட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது. அதைத் தொட்டியிலேயே ஊற்றலாமா? தெரிந்தவர்கள் விரைவாக வழிகாட்டுங்கள்.

உவர்நீர் | மறுமொழி 1

நண்பரே, அந்தப் புட்டியை வாங்க வேண்டாம். ஒட்டுண்ணியைக் கொல்லும் வலிமையுள்ள மருந்து, இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். அவற்றை ஒன்றும் செய்யாத மருந்தால் ஒட்டுண்ணியையும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அப்படியிருந்தும் அந்தப் புட்டிகள் விற்பனையாவதற்குக் காரணம், நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. புள்ளிகள் இரண்டு நாளில் தாமாகவே மறைந்தன அல்லவா? அன்று நீங்கள் அந்த மருந்தை ஊற்றியிருந்தால், மருந்துதான் குணப்படுத்தியது என்று இன்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் விவரிப்பது கடல் வெண்புள்ளி நோய் என்றே தோன்றுகிறது. கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, மூன்று முதல் ஏழு நாள் வரை அங்கேயே உண்டு வளர்கிறது. நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது இந்தப் பருவம் மட்டுமே. வளர்ந்தபின் அது தானே மீனை விட்டு இறங்கி, சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொள்கிறது. அந்த உறைக்குள் பிரிந்து பிரிந்து 200-க்கும் மேற்பட்ட குஞ்சுகளாகி, மீண்டும் நீருக்குள் வெளிவருகிறது. நீந்தும் அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனை அடையாவிட்டால் மடிந்துவிடும். ஆக, புள்ளி மறைந்த நாள் நோய் நீங்கிய நாளன்று. நோய் உங்கள் மணலில் குடியேறிய நாள்.

மருந்து வேலை செய்வதும் நீந்தும் பருவத்தின் மீது மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும், மருந்தாக இடும் செம்பு எட்டாது. அதனால்தான் சிகிச்சை பல வாரங்கள் நீள்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: எல்லா மீன்களையும், நன்றாக இருப்பதாகத் தோன்றும் மீனையும் சேர்த்து, வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்கு மாற்றி அங்கே மருத்துவம் பாருங்கள். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் விட்டுவிடுங்கள். அங்குள்ள ஒட்டுண்ணி பட்டினியால் தானே அழியும்.

நன்னீர் நேசன் | மறுமொழி 2

நான் இருபது ஆண்டுகளாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். கொளத்தூரில் வாங்கிய மீன்களுக்கு வெண்புள்ளி வரும்போதெல்லாம் வெப்பத்தை 32 பாகைக்கு உயர்த்தி, கல்லுப்புப் போட்டு, பத்து நாளில் சரிசெய்திருக்கிறேன். இத்தனை மீன்களையும் பிடித்து மாற்றுவதே அவற்றுக்குப் பெரிய அதிர்ச்சி ஆகாதா? மஞ்சள்தூள் நல்ல கிருமிநாசினி என்பதால் அதைச் சிறிதளவு சேர்த்துப் பார்ப்பதிலும் தவறில்லை என்று நினைக்கிறேன்.

மண்டபம் கயல் | மறுமொழி 3

ஐயா, உங்கள் அனுபவம் நன்னீருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் நன்னீர் வெண்புள்ளியை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் என்ற வேறோர் உயிரி. இரண்டும் குற்றிழை என்னும் நுண்மயிர் உடைய ஒற்றைச்செல் உயிரிகள். இரண்டின் புள்ளியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் மரபணு அடிப்படையில் அவை நெருங்கிய உறவினர் அல்ல என்று பின்னாளில் தெரியவந்தது. கடல் மீன் ஏற்கெனவே லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில்தான் வாழ்கிறது. அந்த ஒட்டுண்ணியும் அதே நீரில் வாழப் பழகியது. அங்கே இன்னும் கல்லுப்புப் போடுவதால் பயனில்லை. வெப்பத்தை உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவாகுமே தவிர அது சாகாது. நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவதால், செவுள் கெட்ட மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். மஞ்சள்தூள் நீரில் கரையாமல் தொங்கிச் செவுளில் படியும் என்பதால், மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு அதை இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இழையைத் தொடங்கியவரிடம் சில கேள்விகள். புள்ளிகளைத் தனித்தனியாக எண்ண முடிகிறதா, அல்லது சல்லடையில் சலித்த மாவைத் தூவியதுபோல் மேனி முழுவதும் மங்கியிருக்கிறதா? மீன்கள் விளக்கொளியை விட்டு ஒதுங்குகின்றனவா, பம்பின் நீரோட்டத்துக்கு நேரே முகம் காட்டி நிற்கின்றனவா? கிளௌன் மீன்களின் மேல் வெள்ளைக் கோழை உரிந்து தொங்குகிறதா? மாவு தூவியதுபோல் இருந்தால் அது ஆமிலூடினியம் என்னும் வெல்வெட் நோயாக இருக்கலாம். அது செவுளில்தான் முதலில் பிடிக்கும். புள்ளி கண்ணுக்குத் தெரிவதற்குள்ளேயே மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். கோழை உரிந்தால் புரூக்லினெல்லா. அதற்குச் செம்பு உதவாது, ஃபார்மலின்தான் வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் மருந்தைக் கையில் எடுக்கக் கூடாது.

திருவான்மியூர் அலை | மறுமொழி 4

சகோதரிக்கு நன்றி. புள்ளிகளைத் தெளிவாக எண்ண முடிகிறது. டாங்கின் இடப்பக்கத்தில் மட்டும் 30-க்கு மேல் இருந்தன. விடியலில் இருந்தவற்றில் பல நண்பகலுக்குள் குறைந்துவிட்டன. ஒளிக்கு எந்த மீனும் அஞ்சவில்லை. கோழை உரியவில்லை. மிகுந்த வருத்தத்துடன் எழுதுகிறேன்: கிராமா மாலை நான்கு மணிக்கு இறந்துவிட்டது. இன்னும் தூக்கி எறியவில்லை. மகன் பள்ளித் திட்டப்பணிக்கு வாங்கிய நுண்ணோக்கி ஒன்று வீட்டில் உள்ளது. அது பயன்படுமா?

மண்டபம் கயல் | மறுமொழி 5

மிக நன்றாகப் பயன்படும். உடனே செய்யுங்கள், இறந்து சில மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் எதுவும் உயிருடன் தெரியும். செவுள் மூடியைத் தூக்கி, சிறு கத்தரியால் செவுள் இழையின் நுனியை நெல்மணி அளவுக்கு வெட்டி, தொட்டி நீர் ஒரு சொட்டுடன் கண்ணாடி வில்லையில் வைத்து மூடுங்கள். குழாய்த் தண்ணீர் படக் கூடாது. 40 மடங்கு உருப்பெருக்கத்தில் தொடங்கி 100-க்குப் போங்கள். ஒளியை ஊடுருவ விடாத கரிய உருண்டை ஒன்று செவுள் இழைக்குள் மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தால் அது கிரிப்டோகேரியான். வெல்வெட் என்றால் பேரிக்காய் வடிவில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

திருவான்மியூர் அலை | மறுமொழி 6

பார்த்தேன். மூன்று உருண்டைகள். ஒன்று செவுள் இழைகள் இரண்டுக்கு இடையே, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் நிதானமாகச் சுழன்றுகொண்டே இருந்தது. மேனி ஓரத்தில் மெல்லிய மயிர்போல் ஏதோ நெளிந்தது. மகன் அதைப் பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தான். இனி எனக்கு ஐயமில்லை. 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று பரணில் இருக்கிறது, இன்றிரவே இறக்குகிறேன். அடுத்த படிகளைச் சொல்லுங்கள்.

உவர்நீர் | மறுமொழி 7

அந்தத் தொட்டியில் 80 லிட்டர் நீர் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு எளிது. மணலும் பாறையும் பவளத்துண்டும் அறவே கூடாது, ஏனெனில் சுண்ணாம்புப் பொருள்கள் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் போட்ட அளவு ஒன்றாகவும் நீரில் இருக்கும் அளவு வேறாகவும் ஆகிவிடும். மீன் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாயின் எல்போத் துண்டுகள் போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை, உங்கள் சம்ப்பில் (நீரை வடிகட்டும் துணைத்தொட்டியில்) ஊறிய பஞ்சுடன் ஓட்டுங்கள், ஹீட்டர் வையுங்கள், மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அருகில் இருக்கட்டும்.

மருந்தாக நான் பரிந்துரைப்பது செம்பு. உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வேண்டாம், அதில் வேறு உலோகங்களின் கலப்பு இருக்கும். ஆய்வகத் தரமுள்ள காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட் வாங்குங்கள். அதன் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் செம்பு. 3.93 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்தால், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1 மில்லிகிராம் செம்பு இருக்கும். நமக்கு வேண்டிய இலக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், 80 லிட்டருக்கு 16 மில்லிலிட்டர். அதை ஒரே நேரத்தில் ஊற்றாமல், 12 மணி நேர இடைவெளியில் நான்கு நான்கு மில்லிலிட்டராக நான்கு முறை இடுங்கள். 0.15-க்குக் கீழே இறங்கினால் நீந்தும் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும், 0.25-ஐத் தாண்டினால் மீன் பாதிக்கப்படும். இவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் நிற்க வேண்டியிருப்பதால், காலையும் மாலையும் அளந்தே ஆக வேண்டும். நிறம் பார்க்கும் கிட்டைவிட எண் காட்டும் மின்னணு அளவி நம்பகமானது. கீலேட் செய்த (வேறொரு சேர்மத்துடன் பிணைத்த) செம்பு வாங்கினால் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அதன் இலக்கு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், அதை அளக்கும் கிட்டும் வேறு. இரண்டின் எண்ணையும் குழப்பிக்கொண்டு பத்து மடங்கு ஊற்றியவர்களை நான் அறிவேன்.

இன்னொன்று மிக முக்கியம். புதிய தொட்டியில் அமோனியா ஏறத்தான் செய்யும். அதைக் கட்டும் நீர்ச்சீராக்கி மருந்துகளைச் செம்புடன் சேர்த்து ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் சில, கட்டுண்டிருக்கும் செம்பை நச்சு வடிவத்துக்கு மாற்றிவிடும். நீர் மாற்றம் ஒன்றே வழி. 20 லிட்டர் மாற்றினால், புதிய நீரில் 4 மில்லிலிட்டர் கரைசலைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

அலைபேசி வாசகன் | மறுமொழி 8

செம்புக்குப் பதிலாக உப்பைக் குறைக்கும் முறையைப் பின்பற்றக் கூடாதா? அதில் நச்சு எதுவும் இல்லையே.

உவர்நீர் | மறுமொழி 9

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். உப்பின் அளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தியை இரண்டு நாளில் 1.009-க்குக் கொண்டுவந்து, கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து 30 நாள் அப்படியே நிறுத்த வேண்டும். 1.011 ஆனாலும் பயன் போய்விடும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அளவுத்திருத்தம் செய்யாமல் இதில் இறங்கினால் ஒரு மாத உழைப்பு வீண். குறைந்த உப்பில் காரத்தன்மையும் குறைவதால் பி.எச். விழும், அதையும் நாள்தோறும் தாங்கிப் பிடிக்க வேண்டும். குறைந்த உப்பைத் தாங்கும் வகைகளும் இந்த ஒட்டுண்ணியில் பதிவாகியுள்ளன. வெல்வெட் நோய்க்கு இது உதவவே உதவாது. ஆகவே, அளவி கையில் இருக்கும்போது நான் செம்பையே தேர்வேன்.

திருவான்மியூர் அலை | மறுமொழி 10

டாங்கையும் கிளௌன்களையும் மாற்றிவிட்டேன். பாறைகளை எடுத்தால்தான் பிடிக்க முடிந்தது, இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. மாண்டரினை மட்டும் விட்டுவிட்டேன். அதன் உடலில் ஒரு புள்ளிகூட இல்லை. அது கோப்பிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளை உயிருடன் உண்பதைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. வெறும் தொட்டியில் பட்டினி கிடந்தே செத்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

மண்டபம் கயல் | மறுமொழி 11

மாண்டரினின் தடித்த கோழை அதைப் பெரும்பாலும் காக்கிறது, உண்மைதான். ஆனால் அதன் செவுளில் ஓரிரண்டு ஒட்டுண்ணிகள் தங்கிவிட்டால், பெரிய தொட்டியில் சுழற்சி அறுபடவே அறுபடாது. நீங்கள் பல வாரங்கள் காத்திருந்தும் டாங் திரும்பிய மறுவாரமே புள்ளி தோன்றும். ஆகவே அதுவும் வெளியேற வேண்டும். ஆனால் செம்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அதற்கு மாற்றுத்தொட்டி முறை இருக்கிறது. இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டியில் விட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள், அதே உப்பும் வெப்பமும் உள்ள புதிய நீருடன் இரண்டாம் தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய தொட்டியையும் ஏர் கல்லையும் குழாய்த் துண்டையும் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். இப்படி நான்கு முறை, பன்னிரண்டு நாள். ஒட்டுண்ணி மீனிலிருந்து ஏழு நாளுக்குள் இறங்கிவிடும். இறங்கியது உறைக்குள் பிரிந்து வெளிவரக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அது வெளிவரும்போது மீன் அங்கே இருக்காது. மருந்தே தேவையில்லை. உணவுக்கு ஆர்ட்டீமியா முட்டையை வீட்டிலேயே பொரிக்கச் செய்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுங்கள். நீந்தும் அந்தச் சிறு இறாலை மாண்டரின் மெல்ல ஏற்றுக்கொள்ளும். பன்னிரண்டு நாள் கழிந்தபின் அதைப் பெரிய தொட்டிக்குத் திருப்பாமல், ஆர்.ஓ. நீரில் ஊறவைத்துக் காயவிட்ட பாறையுடன் தனியே வைத்திருங்கள். ஒரே வலையை இரண்டு இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். ஈரக் கையே நோயைக் கடத்தும்.

திருவான்மியூர் அலை | மறுமொழி 12 (ஆறாம் நாள்)

செம்பு 0.19-இல் நிற்கிறது. நேற்று முதல் ஒரு மீனிலும் புள்ளி இல்லை. ஆனால் டாங் இரண்டு நாளாகச் சரியாக உண்ணவில்லை, நிறமும் வெளிறியிருக்கிறது. புள்ளிகள் போய்விட்டதால் செம்பைப் பாதியாகக் குறைக்கலாமா?

உவர்நீர் | மறுமொழி 13

கூடாது, நண்பரே. கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இப்போதுதான் ஒட்டுண்ணிகள் எல்லாம் கண்ணாடியின் அடியில் உறைக்குள் இருக்கின்றன. அவை ஒரே நாளில் வெளிவருவதில்லை; ஒரே நேரத்தில் உறை கட்டியவற்றில் சில மூன்றாம் நாளும், சில மூன்று வாரம் கழித்தும் வெளிவரும். நீங்கள் செம்பைக் குறைக்கும் நாளில் வெளிவருபவை தப்பித்துவிடும். இலக்கு அளவில் முழுமையாக 30 நாள்.

உணவுக் குறைவு செம்பின் பக்கவிளைவுதான். நோரி என்னும் கடற்பாசித் தாளைக் கிள்ளிக் கிளிப்பில் மாட்டி எதிர்க் கண்ணாடியில் வையுங்கள். தொட்டியின் முன் நிற்காமல் விலகியிருங்கள். பூண்டுச் சாற்றில் தோய்த்தால் சில மீன்கள் விரும்பி உண்கின்றன. பசியைத் தூண்டுவதற்காக அதைச் செய்யலாம், ஆனால் பூண்டு ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அமோனியாவை இன்றே அளந்து பாருங்கள்.

திருவான்மியூர் அலை | மறுமொழி 14 (ஏழாம் நாள்)

அமோனியா 0.5 இருந்தது. 40 லிட்டர் மாற்றினேன், 8 மில்லிலிட்டர் கரைசலைக் கலந்தே ஊற்றினேன். இன்று மாலை டாங் நோரித் தாளை இழுத்துக் கிழித்துத் தின்றது. மனம் நிறைந்தது.

அலைபேசி வாசகன் | மறுமொழி 15

பெரிய தொட்டியை எத்தனை நாள் காலியாக வைக்க வேண்டும்? 76 நாள் என்று பலரும் சொல்கிறார்கள். நம் ஊரில் நீர் 28 பாகையில் இருக்கும்போது 45 நாளே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

மண்டபம் கயல் | மறுமொழி 16

ஆய்வக நோக்கில் உறையிலிருந்து குஞ்சுகள் வெளிவந்த கால இடைவெளி 3 நாளிலிருந்து 72 நாள் வரை பதிவாகியுள்ளது. அந்த 72 உடன் சில நாள் கூட்டியதே 76. பெரும்பான்மை நான்கு முதல் எட்டு நாளிலேயே வெளிவந்துவிடும். வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவாகும். அதனால் 45 நாள் என்பதற்கும் நியாயம் உண்டு, அந்தக் கணக்கில் பலர் வென்றிருக்கிறார்கள். ஆனால் மணலின் அடியில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கிடக்கும் உறைகள் தம் வளர்ச்சியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கக் கூடியவை. இந்தத் தொட்டியில் மணல் ஆழம் எவ்வளவு என்பதே என் கேள்வி.

உவர்நீர் | மறுமொழி 17

நான் சகோதரியைவிடப் பிடிவாதமானவன். மீன்கள் மருத்துவத் தொட்டியில் நலமாக உண்ணும்போது இன்னும் 31 நாள் காப்பதில் இழப்பு என்ன? ஒரு முறை 50 நாளில் மீன்களைத் திருப்பி விட்டு, முழுச் சிகிச்சையையும் முதலிலிருந்து செய்தேன். அந்த இரண்டாம் சுற்றில் ஒரு டாங்கை இழந்தேன். அன்றிலிருந்து எனக்கு 76 தான்.

திருவான்மியூர் அலை | மறுமொழி 18

மணல் எட்டு சென்டிமீட்டர். 76 நாளே காத்திருக்கிறேன். இறாலுக்கும் பவளங்களுக்கும் வழக்கம்போல் உணவிட்டு வருகிறேன். இந்தக் காலத்தில் எந்தப் பவளத்தையும் புதிதாகச் சேர்க்க மாட்டேன், ஏனெனில் பவளத்தின் அடிக்கல்லிலும் உறை ஒட்டி வரலாம் என்று இப்போது புரிகிறது.

திருவான்மியூர் அலை | மறுமொழி 19 (எழுபத்தெட்டாம் நாள்)

உங்கள் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். முப்பது நாள் செம்பு முடிந்தபின் கார்பன் வைத்து அதை நீரிலிருந்து நீக்கினேன். அதன்பின் 46 நாள் வெறும் நீரில் மீன்களைக் கவனித்தேன், ஒரு புள்ளியும் வரவில்லை. மாண்டரின் பன்னிரண்டு நாளில் மெலிந்தாலும், பொரித்த ஆர்ட்டீமியாவுக்குப் பழகி இப்போது உறைந்த கோப்பிபாடையும் எடுத்துக்கொள்கிறது. நேற்று முன்தினம் மாலை நால்வரையும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மீனில்லாத காலத்தில் கோப்பிபாடுகள் பெருகி, இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடி முழுவதும் வெண்பொடியாக ஓடின. மாண்டரின் அங்கிருந்து நகரவே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி: மருத்துவத் தொட்டியை அடுத்த புதிய மீனுக்கும் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எப்படிச் சுத்தம் செய்வது?

உவர்நீர் | மறுமொழி 20

நீரை முழுதும் வடித்து, பஞ்சை எறிந்துவிட்டு, நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசி, ஒரு வாரம் வெயிலில் காய வையுங்கள். உறைப்பருவம் உலர்ச்சியைத் தாங்காது. அந்தத் தொட்டியிலும் குழாய்த் துண்டுகளிலும் வாளியிலும் சிவப்பு வண்ணத்தால் ஓர் அடையாளம் இட்டுவையுங்கள். செம்பு தொட்ட எதையும் இனி இறாலுக்கும் பவளத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கரைசல் மீதமிருந்தால் புட்டியின் மேல் நஞ்சு என்று எழுதி, மகனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.